தண்ணீரை அழுத்தி விற்ற கம்பெனி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் லண்டனில் வாப்பிங் என்ற இடத்தில் இருக்கும் ஒரு பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டேஷன் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன், 1977-ல் மூடினார்கள், கட்டடம் தப்பித்துவிட்டது என்று. அதற்கு தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த கடிதங்களைப் பார்த்தால் அந்தப் பக்கம் இயந்திரப் பைத்தியங்கள் நிறைய இருக்கிறார்கள் போல. சந்தோஷம். இந்தத் தடவை சினிமா, அரசியல் கேள்விகள் ஓரமாக இருக்கட்டும்.

என் மகன் லண்டனில் வேலை பார்க்கிறான், போன வருஷம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தேம்ஸ் ஓரம் முழுக்கச் சமதரை. அருவி இல்லை, அணை இல்லை. அங்கே தண்ணீரிலிருந்து எப்படி ஐயா கரண்ட் எடுத்திருப்பார்கள்?
*– வாசகர், காவேரிப்பட்டணம்*

கரண்டே எடுக்கவில்லை. அங்கே நடந்தது வேறு வியாபாரம்.

நிலக்கரியை எரித்து பாய்லரில் நீராவி, நீராவியால் பம்பு, அந்தப் பம்பு தண்ணீரைச் சதுர அங்குலத்துக்கு 800 பவுண்டு அழுத்தத்தில் குழாய்க்குள் திணிக்கும். லாரி டயருக்கு நாம் பிடிக்கிற காற்று 110, 120-தான், அதை வைத்து யோசித்துக்கொள்ளுங்கள். அழுத்திய தண்ணீரைத் தெருவுக்கு அடியில் வார்ப்பிரும்புக் குழாயில் ஊர் முழுக்க அனுப்பி, வேண்டியவர்களுக்கு மீட்டர் வைத்து விற்றார்கள். குடிக்க இல்லை, குளிக்க இல்லை. வெறும் தள்ளு சக்திக்குத்தான் காசு.

யார் வாங்கினார்கள் என்றால், துறைமுகக் கிடங்குகளின் கிரேன்கள், கப்பல் உள்ளே வரும் மதகுக் கதவுகள், பெரிய ஹோட்டல்களின் லிஃப்ட், மூட்டை அழுத்தும் பிரஸ்கள், நாடக அரங்குகளில் மேடையைத் தூக்குவது, தீ பரவாமல் இருக்க இரும்புத் திரையை இறக்குவது என்று பட்டியல் நீளும். கிரேன் ஒரு நிமிஷம் தூக்கும், அப்புறம் கால்மணி நேரம் சும்மா நிற்கும். அதற்காக ஒவ்வொரு கிடங்கிலும் தனியாக ஒரு பாய்லர், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், நாள் முழுக்கக் கரி என்றால் யாருக்குக் கட்டும்? குழாயைத் திறந்தால் சக்தி, மூடினால் செலவு இல்லை என்றதும் வாடிக்கையாளர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

லண்டன் ஹைட்ராலிக் பவர் கம்பெனி என்று பெயர். 1883-ல் சப்ளை தொடங்கியது, எட்வர்ட் எலிங்டன் என்ற பொறியாளர்தான் இதன் மூளை. உச்சத்தில் 180 மைல், அதாவது 290 கிலோமீட்டர் அளவுக்குக் குழாய் ஓடியது. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை போகிற தூரத்துக்கும் மேல். மொத்த சக்தி ஏறக்குறைய 7,000 குதிரைத்திறன். இந்தக் குழாய்வலைக்குத் தண்ணீர் தள்ளிய ஐந்து நிலையங்களில் ஒன்றுதான் வாப்பிங்.

கிரானைட் குவாரியில் டிப்பர் ஓட்டுகிறேன். எங்கள் வண்டியில் இன்ஜினிலிருந்தே பம்பு ஓடி ஆயில் பிரஷர் கொடுக்கும், கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊர் முழுக்க ஒரே குழாயில் என்றால், நாலு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் பிரஷர் விழுந்துவிடாதா?
*– வாசகர், பர்கூர்*

இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். விழும். விழாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்த பிறகுதான் இந்தத் தொழிலே நிமிர்ந்தது.

கண்டுபிடித்தவர் நியூகாசில் ஊர்க்காரர் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங். முதலில் அவருக்கும் தெரிந்தது ஒரே வழிதான், உயரத்தில் தொட்டி. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் 1852-ல் அதற்காகவே 309 அடிக்கு ஒரு செங்கல் கோபுரம் எழுப்பினார்கள், இன்றும் நிற்கிறது, கடலில் வெகுதூரத்திலிருந்தே தெரியும். ஆனால் 800 பவுண்டு அழுத்தம் வேண்டுமென்றால் தொட்டி 560 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மலைதான் வேண்டும். அது போக, மண் இளக்கமாக இருக்கும் ஆற்றங்கரையில் சாதாரணக் கோபுரமே நிற்காது. அப்படி ஒரு இடத்தில் கோபுரம் கட்ட முடியாமல் போனபோதுதான், உயரத்துக்குப் பதில் பாரத்தை வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

ஒரு கனமான இரும்பு சிலிண்டரைச் செங்குத்தாக நட்டு, அதற்குள் ஏறி இறங்க ஒரு தடித்த ராடு. ராடின் தலையிலிருந்து சுற்றிலும் பெரிய இரும்புத் தொட்டி தொங்கும், அதில் சரளைக்கல்லோ பழைய இரும்போ நிரப்பியிருக்கும். பம்பு தண்ணீரை உள்ளே தள்ளத் தள்ள ராடு இந்தப் பாரத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு மெல்ல மேலே போகும். ஊரில் யாராவது கிரேன் வால்வைத் திறந்தால், பாரம் கொஞ்சம் கீழே இறங்கித் தண்ணீரை வெளியே தள்ளும். பாரம் மாறாது, அதனால் அழுத்தமும் மாறாது. அரை மீட்டர் விட்டமுள்ள ராடு என்று வைத்துக் கணக்குப் போட்டால், 800 பவுண்டு அழுத்தத்தைத் தாங்க அதன் தலையில் ஏறக்குறைய 110 டன் ஏற்ற வேண்டும். இதற்கு அக்யூமுலேட்டர் என்று பெயர். பழைய ஹைட்ராலிக் நிலையங்களில் ஜன்னல் குறைவாக, ஒல்லியாக, உயரமாக ஒரு கோபுரம் ஒட்டிக்கொண்டு நிற்பது இதற்காகத்தான், பார்ப்பதற்குக் கோயில் மணிக்கூண்டோ என்று தோன்றும்.

இதில் நான் ரசிப்பது இன்னொன்று. தொட்டி உச்சிக்குப் போனதும் ஒரு நெம்புகோலை இடிக்கும், அதிலிருந்து வரும் சங்கிலி பம்பு இன்ஜினுக்குப் போகும் நீராவி வால்வை மூடிவிடும். இன்ஜின் நிற்கும். தொட்டி இறங்கினால் வால்வு தானாகத் திறக்கும், இன்ஜின் மறுபடி மூச்சு விடும். சென்சார் இல்லை, மின்சாரம் இல்லை, யாரும் கத்திச் சொல்லவும் வேண்டாம். எங்கோ ஒரு கிடங்கில் ஒருவர் கயிற்றை இழுத்தது இங்கே இன்ஜினுக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் டிப்பரில் பளபளவென்று நீளும் ராடுக்கு ஆயில் சீல் இருக்கிறதல்லவா, அந்த வேலையை அப்போது செய்தது தோல். நம் ஊர் அடிபம்பில் போடுகிற தோல் வாஷருக்கு அண்ணன் முறை. அழுத்தம் ஏற ஏறத் தோல் விரிந்து சுவரோடு இன்னும் இறுக ஒட்டும்.

வேலை முடிந்த தண்ணீர் என்ன ஆகும்?
*– வாசகி, ஊத்தங்கரை*

சாக்கடைக்குப் போகும். ஜேசிபியில் ஆயில் சுற்றிச் சுற்றி டேங்குக்கே திரும்புகிறது, ஆயில் விலை அப்படி. தேம்ஸ் தண்ணீருக்கு யார் திரும்பக் குழாய் போடுவார்கள்?

கிரேனில் கொக்கி எவ்வளவோ உயரம் போகிறது. ஆனால் ராடு கொஞ்ச தூரம்தானே நகரும்? பாலிடெக்னிக்கில் படிக்கிறேன், வாத்தியாரிடம் கேட்டால் பரீட்சைக்கு வராது என்றார்.
*– மாணவர், தருமபுரி*

உங்கள் வாத்தியாரை விட்டுவிடுவோம். ராடின் தலையில் சில கப்பிகள், சிலிண்டரின் அடியில் சில கப்பிகள், சங்கிலியை இரண்டுக்கும் நடுவில் பலமுறை சுற்றிவிட்டால், ராடு ஒரு மீட்டர் நகரும்போது சங்கிலியின் நுனி ஆறு மீட்டர், எட்டு மீட்டர் இழுபடும். பாரம் குறைக்கப் பல கப்பிகள் போடுகிற ஏற்பாட்டைத் தலைகீழாகப் போட்டது. பலத்தைக் கொடுத்து தூரத்தை வாங்குவது. ஜிக்கர் என்று சொல்வார்கள். பரீட்சைக்கு வராவிட்டாலும் இன்டர்வியூவுக்கு வரலாம்.

இவ்வளவு நன்றாக ஓடிய கம்பெனி ஏன் மூடியது? மிச்சம் என்ன இருக்கிறது?
*– வாசகர், ஓசூர் சிப்காட்*

மின் மோட்டார்தான், வேறென்ன. ஆனால் ஒரே நாளில் சாகவில்லை. லண்டன் ஊருக்குள் மின்சாரம் வந்து பல காலம் ஆன பிறகும் இந்தக் குழாய்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஏனென்றால் கிரேனும் லிஃப்ட்டும் ஏற்கெனவே இருக்கின்றன, ரிப்பேர் குறைவு, யார் மாற்றுவது? இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் குழாய்களும் வாடிக்கையாளர்களும் சேர்ந்தே அடிபட்டார்கள். பிறகு கன்டெய்னர் கப்பல்கள் வந்தன, ஊருக்குள் இருந்த துறைமுகங்கள் ஒவ்வொன்றாக மூடின, கிரேனுக்கு வேலை இல்லை. வாப்பிங்கில் 1950களில் நீராவியை எடுத்துவிட்டு பம்புக்கு மின் மோட்டார் பூட்டினார்கள். மின்சாரத்தை வைத்துத் தண்ணீரை அழுத்தி, அந்தத் தண்ணீரை மின்சாரத்துக்குப் போட்டியாக விற்பது எத்தனை நாள் தாங்கும்? 1977-ல் நிறுத்தினார்கள். உலகத்தில் இந்த வகைப் பொது நிலையங்களில் கடைசியாக ஓடியது அதுதான்.

மிச்சம் என்று கேட்டால், செங்கல் கட்டடமும் கோபுரமும் இருக்கின்றன, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் பெரிய மிச்சம் கண்ணுக்குத் தெரியாதது. 1980களில் மெர்குரி என்ற தொலைபேசிக் கம்பெனி இந்தப் பழைய கம்பெனியை வாங்கியது. தண்ணீருக்காக இல்லை. லண்டனின் விலை உயர்ந்த தெருக்களுக்கு அடியில் ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் குழாயும், தெருவைத் தோண்ட நாடாளுமன்றம் விக்டோரியா ராணி காலத்தில் கொடுத்த உரிமையும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்தக் குழாய்களுக்குள் கேபிளை இழுத்துவிட்டார்கள். நம் ஊரில் ஒரு கேபிள் புதைக்க சாலையைத் தோண்டி, மூடி, அடுத்த வாரம் இன்னொருவர் வந்து தோண்டுவதை பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

அந்த நிலையத்தை ஹோட்டலாக்கி, பம்புகளுக்கு நடுவில் டேபிள் போட்டுச் சாப்பாடு பரிமாறினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உழைத்த இடத்தை இப்படி அலங்காரப் பொருளாக்குவது அசிங்கமாக இல்லையா அண்ணா? என் அப்பா சர்க்கரை ஆலைத் தொழிலாளி, அதனால் கேட்கிறேன்.
*– வாசகி, பாலக்கோடு*

உங்கள் கோபம் புரிகிறது அம்மா. ஆனாலும் நான் ஹோட்டல் பக்கம்தான்.

ஜூல்ஸ் ரைட் என்ற ஆஸ்திரேலிய நாடக இயக்குநர் அந்த இடத்தை எடுத்து 2000-ல் கலைக்கூடமும் உணவகமுமாகத் திறந்தார், 2013 வரை நடந்தது. அவர் செய்த உருப்படியான காரியம், இயந்திரங்களைக் கழற்றாமல் நின்ற இடத்திலேயே விட்டது. சாப்பிட வந்தவர், வேண்டுமோ வேண்டாமோ, பம்பைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். குழந்தை இது என்ன என்று கேட்கும், யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

மான்செஸ்டரில் வேறு மாதிரி நடந்தது. அங்கும் இதே போல ஒரு நிலையம், 1972 வரை அந்த ஊர் ஹைட்ராலிக் சப்ளை ஓடியது, பருத்தி மூட்டையை இறுக்க அந்த அழுத்தம்தான் உதவியது. வாட்டர் ஸ்ட்ரீட் நிலையத்தின் கட்டடம் இப்போது மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. தொழிற்சங்கக் கொடிகளெல்லாம் இருக்கும் நல்ல அருங்காட்சியகம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பம்பு வேறொரு அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. கட்டடம் ஒரு இடம், இயந்திரம் ஒரு இடம். கட்டடத்தைப் பார்ப்பவருக்கு இந்தச் சுவர் ஏன் இவ்வளவு தடிமன் என்று தெரியாது, பம்பைப் பார்ப்பவருக்கு இது எதைத் தள்ளியது என்று தெரியாது.

ஜெனீவாக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். ரோன் நதியின் வேகத்தை வைத்தே 1886-ல் அங்கே ஒரு நிலையம் கட்டினார்கள், கடிகாரப் பட்டறைகளுக்கெல்லாம் அழுத்தத் தண்ணீர் போயிற்று. சாயந்திரம் பட்டறைகள் ஒன்றாக மூடினால் அழுத்தம் திடீரென்று ஏறிவிடும், அதை வெளியே விட ஒரு வால்வு வைத்தார்கள், தண்ணீர் வானத்தில் பீய்ச்சி அடித்தது. ஊர் மக்களுக்கு அது பிடித்துப்போய் 1891-ல் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் அலங்கார நீரூற்றாகவே வைத்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்து காலண்டர்களில் 140 மீட்டருக்கு எழும்பும் அந்த ஒற்றைத் தண்ணீர்க் கம்பத்தைப் பார்த்திருப்பீர்கள், அதன் பூர்வீகம் இதுதான். நிலையம் 1997-லிருந்து இசை, நாடக அரங்கு.

ஆக, காயலான் கடைக்குப் போவதா, ஹோட்டலில் நிற்பதா என்று இரண்டே வழி இருந்தால் நிற்கட்டும் என்பேன். உங்கள் அப்பா வேலை பார்த்த ரோலர் ஒரு நாள் ஓய்வு பெற்றால், அதை எடை போட்டு விற்பதை விட ஆலை வாசலில் நிறுத்தி, அது ஒரு ஷிஃப்டில் எத்தனை டன் கரும்பு பிழிந்தது என்று அதில் வேலை பார்த்தவர்களிடமே கேட்டு எழுதி வைத்தால் உங்களுக்குப் பிடிக்காதா?

காவிரியிலும் இந்த மாதிரி ஏதாவது உண்டா?
*– வாசகர், பென்னாகரம்*

அழுத்தத் தண்ணீர் வியாபாரம் இல்லை, ஆனால் உங்கள் ஒகேனக்கல்லுக்கு வருகிற தண்ணீர் வழியிலேயே ஒரு பெரிய வேலையை முடித்துவிட்டுத்தான் வருகிறது. சிவசமுத்திரம் நீர்மின் நிலையம், 1902 ஜூன். மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய திட்டம். கோலார் தங்கவயலுக்கு 92 மைல் தூரம் கம்பி இழுத்தார்கள், அந்தக் காலத்தில் உலக அளவில் பேசப்பட்ட தூரம். பெங்களூரு தெருவிளக்குக்கே 1905-ல்தான் அது கிடைத்தது, முதலில் தங்கம்.

ஒரு வேடிக்கை: சிவசமுத்திரத்தின் ஆரம்ப சக்தி நாலு மெகாவாட்டுக்குச் சற்று மேல். லண்டனின் குழாய்வலை முழுவதும் சேர்ந்து உச்சத்தில் கொடுத்தது ஐந்து மெகாவாட் சொச்சம். இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. ஒன்று 290 கிலோமீட்டர் இரும்புக் குழாயைப் புதைத்துச் செய்ததை இன்னொன்று கம்பத்தில் கம்பி கட்டிச் செய்தது. எது ஜெயித்திருக்கும் என்று யாரும் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

வட ஆற்காடு, சேலம் ஜில்லாவிலிருந்து தங்கவயலுக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. அந்தச் சுரங்கம் 2001-ல் மூடியாயிற்று. நிலையம் இன்னும் ஓடுகிறது.

நம் மாவட்டங்களில் காப்பாற்றுகிற மாதிரி என்ன இருக்கிறது? எல்லாம் லண்டன் கதையாகவே இருக்கிறதே!
*– வாசகர், தருமபுரி*

சரி, நியாயம்தான்.

திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல் சின்ன ரயில் ஓடியது உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியுமா? மொரப்பூர் – தருமபுரி பாதை 1906, பின்னால் அது ஓசூர் வரை நீண்டது. பிற்பாடு இந்தத் தண்டவாளங்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். தண்டவாளம் போனாலும் மண்மேடு, சிறு பாலம், கல் தூண் என்று அங்கங்கே ஏதாவது தட்டுப்படும். அதை வயல் வரப்பு என்று நினைத்து மண் அள்ளுவதற்கு முன் யாராவது பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பாதையை வரைபடத்தில் குறிக்க வைத்தால் பெரிய காரியம்.

கிருஷ்ணகிரி அணை 1950களின் கடைசியில் முடிந்தது. 2017 நவம்பரில் ஒரு ஷட்டர் உடைந்து தண்ணீர் பாய்ந்தோடியதை எல்லோரும் பார்த்தோம். பழைய ஷட்டர் ஒன்றையாவது, அறுத்து எடைக்குப் போடாமல், பூங்காவில் நிறுத்தலாம். அறுபது வருஷம் தென்பெண்ணையைத் தாங்கிய இரும்பு எங்கே துருப்பிடித்தது, எந்த ரிவெட் விட்டது என்று நேரில் பார்ப்பது, இன்ஜினீயரிங் மாணவருக்கு ஒரு செமஸ்டர் பாடம்.

அதற்கும் முன்னால் வீட்டிலேயே பாருங்கள். கவலை இறைத்த கிணறுகளில் பிறகு ஆயில் இன்ஜின் வந்தது, அப்புறம் மோட்டார், அப்புறம் போர்வெல். அந்த ஆயில் இன்ஜின்கள் பல இடங்களில் இன்னும் கொட்டகையில் சாணி வறட்டிக்கு அடியில் கிடக்கின்றன. விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள், பணம் யாருக்கும் கசக்காது. விற்பதற்கு முன் நேம் பிளேட்டைப் போட்டோ எடுங்கள், நம்பர் தெரிகிற மாதிரி. ஓட்டியவர் உயிரோடு இருந்தால், காலையில் அதை எப்படி ஸ்டார்ட் செய்வார் என்று செய்து காட்டச் சொல்லி வீடியோ எடுங்கள். கைப்பிடியை எந்த நொடியில் விட வேண்டும் என்பது எந்த மேனுவலிலும் இருக்காது.

பாஸ்போர்ட்டே இல்லாதவன் நான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் போய்வருகிற மாதிரி இயந்திரம் பார்க்க இடம் சொல்லுங்கள்.
*– வாசகர், சூளகிரி*

பெங்களூரு கஸ்தூர்பா ரோட்டில் விசுவேசுவரய்யா அருங்காட்சியகம். இன்ஜின் கூடம் தரைத்தளத்திலேயே இருக்கிறது, பழைய இன்ஜின்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் காலை டிபனுக்குப் பிறகு கிளம்பினாலும் போதும், டிராஃபிக் மட்டும் உங்கள் பொறுப்பு. சிவசமுத்திரம் போனால் அருவியைப் பார்க்கலாம், நிலையத்துக்குள் போக முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். பிள்ளைகள் ரொம்பச் சின்னவர்களாக இருந்தால் இரண்டும் வேண்டாம், நெடுஞ்சாலையில் ஏதாவது வாட்டர் சர்வீஸ் கடையில் காரை லிஃப்ட்டில் ஏற்றும்போது கொஞ்சம் தள்ளி நிற்க வைத்துக் காட்டுங்கள், செலவும் இல்லை, கார் கழுவியது போலவும் ஆயிற்று.